சாம்பல் போட்டியான்னு மட்டும்தான் கேட்டாரு

ஜன்னல இழுத்து விட்டுக்கோங்க சார். வெயிலு அடிக்குதேன்னு நம்பாதீங்க, எங்க ஊட்டி வெயிலு டியூப்லைட்டு மாதிரி, வெளிச்சம் மட்டும்தான் குடுக்கும். ஊருக்குப் புதுசுதானே? காதுல பஞ்ச வச்சிருக்கறதப் பாத்தாலே தெரியுது. மஞ்சூரு வரைக்குமா? நல்ல ஊரு. போயி எறங்குனதும் டீ குடிங்க, வேற ஒண்ணும் பண்றதுக்கு இல்ல.

நான் அவ்வளவு தூரம் வரல. அதுக்கு நாலு ஸ்டாப்பு முன்னாடி பால் சொசைட்டின்னு ஒரு ஸ்டாப்பு. அங்க எறங்கணும். எறங்குவேன். அந்தக் கண்டக்டரு என்னப் பாத்துச் சிரிக்கிறாரே, கண்டுக்காதீங்க. நாலு செவ்வாக்கெழமையா பால் சொசைட்டிக்கு டிக்கெட் எடுத்துட்டு மஞ்சூருல போயி எறங்குறேன். “ஏன்டா லெனினு, இன்னிக்காச்சும் சொசைட்டி அங்கயே இருக்கா, இல்ல யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டாங்களா”ம்பாரு. இது அஞ்சாவது.

ஆமா சார், பேரு லெனின்தான். எங்கப்பா எஸ்டேட் யூனியன்ல கொடி புடிச்சவரு. புள்ள ஒலகத்த மாத்துவான்னு வச்சாரு. நான் வேலய மட்டும்தான் மாத்துனேன். பாலிடெக்னிக்க ரெண்டாவது வருசத்துல விட்டேன், இல்ல, அது என்ன விட்டுச்சு, ஏதோ ஒண்ணு. அப்புறம் பேக்கரி, கேரட்டு கழுவுற எடம், குதிர சவாரிக்கு ஆளு புடிக்கிறது. ஒரு எடத்துல உக்காந்தா எனக்கு அடியில எறும்பு ஊறும். வாயி மட்டும் ஒரே எடத்துல இருந்து வேல பாக்கும். கடைசியா மாட்டுனது ஒரு ரிசார்ட்டு. பேரு வேணாம். டேம் தண்ணி வந்து நிக்கிற ஓரத்துல இருக்கு. டூரிஸ்ட்டுக்கு போட்டு, அதான் படகு, விடுவாங்க.

போட்டு சும்மா தண்ணியில போயி உக்காராது சார். கரையில இருந்து தண்ணிக்குள்ள சரிவா ஒரு காங்கிரீட்டு தளம் எறங்கும், அதுக்குப் பேரு ராம்ப்பு. ஜீப்புக்குப் பின்னால ட்ரெய்லரு, ட்ரெய்லரு மேல போட்டு. ஜீப்ப ரிவர்ஸ்ல எறக்கணும். ட்ரெய்லரு முழுகுனா போட்டு தானா மெதக்கும். கேக்க ஈசி. ஜீப்பு ஓட்டுறது தியாகண்ணன். தியாகராஜன். நான் கட்டை.

சிரிக்கலாம் சார், பதவியே அதுதான். ஜீப்பு எறங்கறப்ப நான் பக்கத்துலயே ஒரு மரக்கட்டையோட நடந்து வருவேன். அவரு “கட்டை”ன்னு கத்துனா, தண்ணிப் பக்கமா டயருக்கு அடியில சொருகணும். அவ்வளவுதான் உத்தியோகம். வீட்டுல கேட்டா மரைன் டிப்பார்ட்மெண்டுன்னு சொல்லுவேன்.

தியாகண்ணனுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஆனா பேச ஆரம்பிச்சா சட்டசபை. அதுவும் மார்கழி வந்து ஐஸு விழ ஆரம்பிச்சுடுச்சுன்னா முடிஞ்சுது. எங்க பக்கம் பனின்னா சும்மா பனி இல்ல சார், புல்லு பூரா உப்பு கொட்டுன மாதிரி நிக்கும், பைக்கு சீட்ட நகத்தால சொரண்டிட்டுத்தான் உக்காரணும். அந்த நேரத்துல காலைல ஒம்பது மணி வெயிலு ராம்ப்புல படாம போட்ட எறக்கக் கூடாது. எறக்கியே ஆகணும்னா மொத நாள் சாயங்காலமே பாய்லர் சாம்பல அள்ளி தூவிடணும். சொட்டுத் தண்ணி அதுல சிந்தக் கூடாது. மேல இழுக்குற ட்ரெய்லர தண்ணி ஓரமாவே நிப்பாட்டி வடிய விடணும், இல்லன்னா வழியெல்லாம் வடிஞ்சு விடியிறதுக்குள்ள கண்ணாடியா எறுகிடும். கதவத் தொறந்து வச்சுத்தான் ஓட்டணும். பெல்ட்டு போடக் கூடாது. போட்டுக்குக் கீழ ஒருத்தனும் நிக்கக் கூடாது. இத்தனையும் தெனமும் சொல்லுவாரு. நான் பின்னால நின்னு வாயசச்சுக் காட்டுவேன், பசங்க சிரிப்பானுங்க. அவரும் சிரிப்பாரு. “டேய், உன் வாயிக்கு ஒரு கட்டை வேணும்டா”ம்பாரு.

நல்ல மனுசன் சார். முன்னாடி குடிச்சுட்டு இருந்தாரு, அத மறைக்கறதுக்கு இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி விட்டாரு. பொண்ணு தர்ஷினி தலைல கை வச்சு சத்தியம். லோகாக்கா, அவரு சம்சாரம், லோகேஸ்வரி, அது அன்னிக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுச்சாம். “இனி ஒருநாள் அந்த வாசம் வந்துச்சுன்னா நான் சண்ட போட மாட்டேன். போயிடுவேன்.” அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு சொட்டு இல்ல சார். நான் பக்கத்துலயே இருந்தவன். பொங்கலுக்கு, தீபாவளிக்கு, ஒரு சொட்டு இல்ல. எங்களுக்கு முட்டாயி வாங்கிக் குடுத்துட்டு அவரு டீயோட உக்காந்துப்பாரு.

இத ஏன் சொல்றேன்னா, பின்னால வேணும்.

புது போட்டு வந்துச்சு. எட்டு பேரு உக்கார்ற மாதிரி, செவப்புக் கலரு. புது வருசத்துக்குள்ள தண்ணியில எறக்கணும்னு மொதலாளிக்கு அவசரம். திருப்பூருக்காரரு. ஜோசியரு நேரம் குறிச்சுக் குடுத்துட்டாரு, காலைல ஆறேகாலுல இருந்து ஆறே முக்காலு. தியாகண்ணன் போன்லயே சொன்னாரு, “சார், அந்த நேரத்துக்கு ராம்ப்பு ஐஸா இருக்கும், ஒம்பதுக்கு மேல வச்சுக்கலாம்.” மொதலாளி சொன்னாரு, “நல்ல நேரத்த வெயிலப் பாத்தா குறிக்கிறாங்க, தியாகு?” என்னயக் கேட்டா, இந்தக் கதையில மொத குத்தவாளி அந்த ஜோசியருதான். திருப்பூர்ல ஃபேன் போட்டுட்டு உக்காந்து ஊட்டிக்கு நேரம் குறிக்கிறாரு.

சரின்னு தியாகண்ணன் என்கிட்ட சொன்னாரு. “சாயங்காலமே காஞ்ச தொடப்பத்தால கூட்டிட்டு, மேல இருந்து கீழ வரைக்கும் சாம்பல் போட்டுரு. கோலம் கீலம் எல்லாம் மேல ஷெட்டு வாசல்ல. ராம்ப்புல தண்ணி மட்டும் படக் கூடாது.” சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

போட்டேன் சார். நாலு கூடை. மூஞ்சியெல்லாம் சாம்பல். சத்தியமா போட்டேன்.

அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி வாக்குல மொதலாளி குடும்பம் கார்ல வந்து எறங்குச்சு. மொதலாளியம்மா ராம்ப்பப் பாத்துச்சு. மொகம் அப்படியே சுருங்கிடுச்சு. “என்ன தம்பி இது, பூச பண்ற எடத்துல சுடுகாடு மாதிரி சாம்பலக் கொட்டி வச்சிருக்கீங்க”ன்னுச்சு. இப்ப நான் என்ன சொல்லணும்? “அம்மா, இது ஐஸுக்கு, தியாகண்ணன் போடச் சொன்னாரு”ன்னு சொல்லணும். பத்து வார்த்தை கூட இல்ல. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அம்மா, போட்டுக்கு திருஷ்டி படாம இருக்க விபூதி பூசி விட்டுருக்கோம்.” எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மாவும் சிரிச்சுச்சு. சிரிச்சிட்டு, “சரி சரி, கழுவி விட்டுரு, மஞ்சத்தண்ணி தெளிச்சுடலாம்”ன்னுச்சு.

சிரிச்சவங்ககிட்ட மாட்டேன்னு எப்படி சார் சொல்றது? ஹோஸ எடுத்தேன். கழுவுனேன். சும்மா இல்ல, தேச்சுத் தேச்சு. அவங்க பொண்ணு ஈரத்துலயே கோலம் போட்டுச்சு, பெரிய தாமரப்பூ. அந்தம்மா மஞ்சத்தண்ணி தெளிச்சுச்சு. நான் ஓரமா நின்னு ஆகா ஓகோன்னேன். தியாகண்ணன் காலைல வந்ததும் சொல்லிக்கலாம், சாம்பலும் மறுபடி போட்டுக்கலாம்னு நெனச்சேன். நெனச்சேன் சார். அலாரம் கூட வச்சேன் அஞ்சு மணிக்கு. அந்தக் குளுருல எவன் சார் கம்பளிய விட்டு வெளிய வருவான்? அலாரத்தக் கண்டுபிடிச்சவனே வர மாட்டான்.

காலைல நான் போறப்ப எல்லாரும் ரெடி. மால, தேங்கா, சூடம். ஜீப்பு டயருக்கு நாலு எலுமிச்சம்பழம். ராம்ப்பப் பாத்தேன். அடடா, அவ்வளவு அழகு சார். அந்தத் தாமரக் கோலம், மேல கண்ணாடி போட்டு மூடி வச்ச மாதிரி, ஒரு கோடு அழியல. எல்லாரும் போன்ல போட்டோ எடுக்குறாங்க. விடிஞ்சும் விடியாத வெளிச்சம், ஷெட்டுப் பக்கத்துல இருந்து பாத்தா ஈரம் மாதிரி கூட தெரியல.

தியாகண்ணன் ஜீப்புல உக்காந்துட்டாரு. அவருக்கு அங்க இருந்து கண்ணாடில ட்ரெய்லருதான் தெரியும், ராம்ப்பு தெரியாது. தலைய வெளிய நீட்டி என்னக் கேட்டாரு, “லெனினு, சாம்பல் போட்டியாடா?”

“போட்டேண்ணே.”

பொய்யி இல்ல பாருங்க. போட்டேன். நாலு கூடை. போட்டியான்னுதான் கேட்டாரு. போட்டத கழுவுனியான்னு கேக்கல. இத நான் எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்துட்டேன் சார். கோர்ட்டுல நிப்பாட்டிக் கேட்டாலும் அது பொய்யி ஆகாது. ஆகுமா? சொல்லுங்க. நீங்க படிச்சவங்க.

சரி விடுங்க.

எலுமிச்சம்பழம் நாலும் நசுங்குச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. ஜீப்பு பின்னால எறங்குச்சு, ஒரு பத்தடி. அப்புறம் ஒரு சத்தம் நின்னுச்சு சார். டயரு உருள்ற சத்தம். ஜீப்பு எறங்குது, ஆனா சக்கரம் சுத்தல. அவரு “கட்டை”ன்னு கத்துனாரு. போட்டேன். கட்டையும் ஜீப்போட சேந்து சறுக்கிட்டுப் போவுது, தோள்ல கை போட்ட ஃபிரண்டு மாதிரி. நானும் விழுந்துட்டேன், குண்டியிலயே ராம்ப்பு பாதி தூரம் போனேன். இதச் சொல்றப்ப போன வாரம் ஒருத்தரு சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துடுச்சு அவருக்கு. நீங்க சிரிக்கல. பரவால்ல.

கதவு தொறந்து இருந்துச்சு. பெல்ட்டு இல்ல. அவரு சட்டசபைதான் அவரக் காப்பாத்துச்சு. குதிச்சாரு. ஆனா குதிச்சு நிக்கிறதுக்குக் கீழ தரை இல்ல சார், கண்ணாடி. வழுக்கி விழுந்து, ஓரச் சுவத்துக்கும் ஜீப்புக்கும் நடுவுல காலு மாட்டிக்கிச்சு. அப்படியே தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு. ஜீப்பு, ட்ரெய்லரு எல்லாம் உள்ள. செவப்பு போட்டு மட்டும் ஜம்முன்னு மெதந்துச்சு. நல்ல நேரம்.

நான் குதிச்சேன் சார். அதச் சொல்லிக்கிறேன், ஏன்னா அதுவும் நடந்துச்சு. தண்ணி இல்ல அது, ஊசி. கழுத்து வரைக்கும் எறங்கி கக்கத்துல கை குடுத்து இழுத்துட்டு வந்தேன். மேல கொண்டு வந்து போட்டோம். கை கால் ஆடுது, ஒதடு நீலமா இருக்கு, என்னமோ பேசுறாரு, நாக்கு குழறுது. குளுருல ஒறஞ்சா அப்படித்தான் ஆகும்னு எனக்கு இப்ப தெரியும். மொதலாளி குனிஞ்சு பாத்துட்டு, “என்னப்பா இவன், பேச்சே ஒரு மாதிரி குழறுது”ன்னாரு.

இங்கதான் சார். இந்த எடத்துலதான் எல்லாருகிட்டயும் நான் கொஞ்சம் வேகமா சொல்லிட்டுப் போயிடுவேன்.

எல்லாரும் என்னயவே பாக்குறாங்க. என் பல்லு கடகடன்னு ஆடுது. யாராச்சும் ராம்ப்பு எப்படி ஈரமாச்சுன்னு கேட்டுருவாங்களோன்னு உள்ளுக்குள்ள ஒரு இது. நான் சொன்னேன், “நேத்துப் போட்டது இன்னும் எறங்கல போல சார்.”

ரெண்டு பேரு சிரிச்சாங்க. மொதலாளி சிரிக்கல. மொதலாளி “ஓ”ன்னாரு. அந்த ஓ-வ நான் அப்பவே புடிச்சு திருப்பி உள்ள தள்ளிருக்கணும். ஜோக்கு சார் அது. ஜோக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா போதும். ஆனா பாருங்க, ஜோக்க ஜோக்குன்னு வெளக்குனா அப்புறம் அது ஜோக்கா? அப்படி ஒரு பழக்கம் எனக்கு, வெளக்கவே மாட்டேன்.

ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட்டுல எழுதிட்டாங்க, சாராய வாசம்னு. மொதலாளி அன்னிக்கு சாயங்காலமே வேலைய விட்டு நிப்பாட்டிட்டாரு. குடிச்சிட்டு வண்டி ஓட்டுறவன் நமக்கு வேணாம்னு. எனக்குப் பொன்னாட போத்துனாங்க சார், உசுரக் காப்பாத்துன தம்பின்னு. பச்சக் கலரு, ஜரிகை வச்சது. ஜீப்பக் காய வச்சு, ரிப்பேரு பண்ணி, சாவிய என்கிட்ட குடுத்தாங்க. இப்ப ராம்ப்புல நாந்தான் டிரைவரு. ட்ரெய்லர பத்து நிமிசம் நிப்பாட்டி வடிய விடுறேன். கதவத் தொறந்து வச்சு ஓட்டுறேன். சாம்பல நானே போடுறேன், நானே காலால தேச்சுப் பாக்குறேன். புதுசா ஒரு பையன் கட்டை. நான் பேசுறப்ப பின்னால நின்னு வாயசைக்கிறான். திரும்பாமலே எனக்குத் தெரியுது.

என்ன கேட்டீங்க? சாராய வாசம் எப்படி வந்துச்சா?

நீங்க நல்லா கேக்குறீங்க சார். இதுவரைக்கும் நாலு பேரு, யாருமே கேக்கல.

ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறப்ப, மொதலாளி மச்சான் ஒருத்தரு கார்ல ரம்மு வச்சிருந்தாரு. “குளுருக்கு நல்லது, ரெண்டு மூடி ஊத்துப்பா”ன்னு நீட்டுனாரு. தியாகண்ணன் பல்லக் கடிச்சுட்டு தலைய இப்படி இப்படி ஆட்டுனாரு. குளுருல ஆட்டுறாருன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன். வாயப் பொளந்து ஊத்துனேன். பாதி சட்டையில கொட்டிடுச்சு. ஊத்துனது நாந்தான்.

லோகாக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துச்சு. ஸ்வெட்டர கூட திருப்பிப் போட்டுருந்துச்சு. கட்டிலுக்குப் பக்கத்துல வந்து குனிஞ்சுது. குனிஞ்சது அப்படியே நின்னுடுச்சு. அந்தச் சட்டைய ஒரு தடவ மோந்து பாத்துச்சு. சண்ட போடல சார். ஆபரேசன் முடியிற வரைக்கும் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. முடிஞ்சு நல்லாருக்காருன்னு டாக்டரு சொன்னதும் எந்திரிச்சு, பொண்ணக் கூட்டிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிடுச்சு. நான் வாசல்லயே நின்னுட்டு இருந்தேன். ஈரத் துணியோட. தர்ஷினி போறப்ப, “லெனின் மாமா, ஒரு ஜோக்கு சொல்லு”ன்னுச்சு. அது எப்பவும் அப்படித்தான், ஒம்பது வயசு, என்னப் பாத்தாலே ஜோக்கு கேக்கும். சொன்னேன். என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல.

அவங்கம்மா வீடு பால் சொசைட்டி ஸ்டாப்பு. இப்பப் புரியுதா.

தியாகண்ணன் வீட்டுல தனியாத்தான் இருக்காரு, காலுல கட்டோட. சாப்பாடு நாந்தான் கொண்டு போறேன், தெனமும் ரிசார்ட்டு கிச்சன்ல இருந்து. அதையும் சொல்லிக்கிறேன். போன மாசம் ஒருநாள் சாப்பிட்டுட்டு இருந்தவரு, திடீர்னு கைய நிப்பாட்டிட்டு கேக்குறாரு. “லெனினு, நெசமாலுமே நான் அன்னிக்குக் குடிச்சிருந்தேனாடா? எனக்கு தண்ணிக்குள்ள போனது வரைக்கும்தான் தெரியுது. மொத நாள் ராத்திரி சாப்பிட்டேன், படுத்தேன். ஆனா எல்லாரும் சொல்றாங்க. லோகா மோந்து பாத்தான்னு சொல்றாங்க. அவ பொய் சொல்ல மாட்டா. அப்ப நான் குடிச்சிருப்பேனோ?”

அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு சார். அவரு மேலயே.

நான் என்ன சொன்னேன்னு நீங்க கேக்க வேணாம்.

“எனக்குக் குடுக்காம தனியாக் குடிச்சிட்டியேண்ணே”ன்னேன்.

அவரு சிரிச்சாரு சார். மோருசோத்த வாயில வச்சுட்டு சிரிச்சாரு. சிரிச்சுட்டு, மிச்சத்த சாப்பிடல.

அதான் சார், அக்காகிட்ட போயி சொல்லிடலாம்னு. வார லீவு எனக்கு செவ்வாக்கெழம. பதினோரு மணி பஸ்ஸு. போறது, கதவத் தட்டுறது, சொல்றது. அஞ்சு நிமிச வேல.

இல்ல, இந்நேரம் அக்கா வீட்டுல இருக்காது. டீ ஃபேக்டரிக்கு எட்டு மணிக்கே போயிடும். புள்ள ஸ்கூலுக்குப் போயிடும். வீடு பூட்டித்தான் இருக்கும்.

நீங்க இப்படிப் பாக்காதீங்க சார். சாயங்கால பஸ்ஸும் இருக்கு, தெரியும். ஆனா இந்த பஸ்ஸுதான் எனக்குத் தோது.

என்ன இது, இன்னிக்கு என்னிக்கும் இல்லாத கூட்டமா இருக்கு. எல்லாரும் மஞ்சத் துணி. அந்தம்மா கையில பால்கொடம். என்ன கண்டக்டரே, என்ன விசேசம்?

தைப்பூசமா.

அப்ப ஸ்கூலு. ஃபேக்டரி.

சார், கொஞ்சம் தள்ளுங்க, நான் ஜன்னல் பக்கம்… இல்ல வேணாம், நீங்களே இருங்க. ஸ்டாப்பு வந்துடுச்சு. மஞ்சூரு முருகன் கோயிலுக்குப் போறவங்க எல்லாம் இங்கதான் ஏறுவாங்க. அந்த மஞ்சச் சேல. நீல ஸ்வெட்டரு. பக்கத்துல ரெட்ட சடை.

கண்டக்டரே, நான் எறங்கல. விசிலு அடிங்க. சொன்னாக் கேளுங்க, நான் எறங்கல.

ஏறிட்டாங்க.

தர்ஷினி. வா, வா. எங்க, பல்லு விழுந்துடுச்சா? அக்கா, வாங்க. இங்க உக்காருங்க. நான் நிக்கிறேன், பரவால்ல. சார் நல்லவருதான், கொஞ்சம் தள்ளி உக்காருவாரு. நல்லாருக்கீங்களா? இல்ல, சும்மா வந்தேன். சும்மா இல்ல. உங்ககிட்டத்தான் வந்தேன். அண்ணனுக்கு காலு தேவல, கம்ப வச்சு நடக்குறாரு. அதுக்கு இல்ல.

ஜோக்கா? இல்ல பாப்பா, இன்னிக்கு ஜோக்கு இல்ல. மாமா அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்.

அக்கா, அன்னிக்கு ராம்ப்புல நான் சாம்பல் போட்டேன். போட்டத நானே கழுவிட்டேன். அண்ணன் கேட்டாரு, சொல்லல. அண்ணன் குடிக்கல அக்கா. ஒரு சொட்டு குடிக்கல. வாயப் பொளந்து ரம்ம ஊத்துனது நான். அவரு வேணாம்னு தலைய ஆட்டுனாரு, நாந்தான் ஊத்துனேன்.

சிரிக்காத பாப்பா. மாமா ஜோக்கு சொல்லல.